சிவப்பு எந்தப் பக்கம்

"பிள்ளை, ஒரு பிளேனுக்கு லைட் போட உமக்குத் தெரியுமோ?"

தியாகராஜா ஐயா இதை என்னிடம் கேட்டது, மாமா மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல் மாடிக்குப் போயிருந்த நேரத்தில். கேட்டுவிட்டுத் தெருப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார். 2007ஆம் ஆண்டு சித்திரை மாதம் அது. முந்தின மாதம்தான் கட்டுநாயக்க விமானத் தளத்தில் இரவில் புலிகளின் பிளேன் வந்து குண்டு போட்டிருந்தது. கண்டியில் ஒரு தமிழ்க் கடைக்குள் நின்று அந்தச் சொல்லைச் சொல்ல எழுபது வயதும், மடிப்புக் கலையாத வெள்ளைக் காற்சட்டையும், நீர்ப்பாசனத் திணைக்களத்தில் இஞ்சினியராக இருந்து பென்ஷன் எடுத்த துணிச்சலும் வேண்டும்.

நான் தலையை ஆட்டினேன். தெரியும் என்றும் எடுக்கலாம், தெரியாது என்றும் எடுக்கலாம். அப்படி ஆட்டுவதுதான் என் வழக்கம்.

"பெரிசில்லை. றிமோட்டில பறக்கிறது. இவ்வளவுதான்" என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். ஒரு கை, வெசாக் பண்டிகைக்காக ஒட்டிக் காயப் போட்டிருந்த காகித விளக்குக் கூட்டில் போய் இடித்தது. அது அங்கே தொங்குவதே அவருக்குத் தெரியவில்லை. மூன்று அடி அகலமான கூடு, அதுவும் மஞ்சள் நிறம்.

நான் அந்தக் கூட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தேன். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"கண்ணில படலம், பிள்ளை. ரெண்டிலயும். மனிசிக்குத் தெரியாது. ஒருத்தருக்கும் தெரியாது. நீரும் சொல்லக் கூடாது."

யாரிடம் சொல்லப் போகிறேன்? எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் சத்தம் வராது என்பதற்காகவே பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். நான்கு வருஷமாக மாமாவின் கடையின் பின் அறையில் சோல்டரிங் அயனோடு உட்கார்ந்திருக்கிறேன். கல்யாண வீட்டுக்கு, தேருக்கு, வெசாக்குக்கு லைட் கட்டிக் கொடுப்பது மாமாவின் தொழில். கட்டுவது அவர். உள்ளே வயர் பிடிப்பது நான்.

ஐயா விஷயத்தைச் சொன்னார். பிலிமத்தலாவைப் பக்கம் அறுவடை முடிந்த வயலில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழு பேர் சேர்ந்து சின்ன பிளேன் விடுவார்கள். அதற்கு ஒரு கழகம் இருக்கிறது. கட்டுநாயக்க விஷயத்துக்குப் பிறகு, யார் யார் விடுகிறீர்கள் என்று ஒரு பட்டியலைக் கையெழுத்தோடு பொலிசில் கொடுக்கும்படி கேட்டிருக்கிறார்கள். பட்டியலில் பெயர் இல்லாதவர் இனிமேல் ஒரு காற்றாடி கூட விட முடியாது. பட்டியல் திங்கட்கிழமை போகிறது. கழகத்தின் செயலாளர் ரணவீர, ஐயாவின் பெயருக்கு நேரே மட்டும் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறார்.

"ஏனெண்டு கேட்டன். ரெண்டு ஞாயிறு அடுத்தடுத்து விழுத்திப்போட்டீர் எண்டார். ஒண்டு அவற்றை தொப்பியை உரசிக்கொண்டு போனது உண்மைதான். வாற ஞாயிறு அவருக்கு முன்னால ஒரு எட்டுப் போட்டு, ஒழுங்கா இறக்கிக் காட்ட வேணும். இல்லையெண்டா பேர் வெட்டு."

"ஆப்பரேஷன்?" என்றேன். அந்த வாரத்தில் நான் பேசிய நீளமான வசனங்களில் அதுவும் ஒன்று.

"செய்தா ஒன்றரை மாதம் வீட்டில கிடக்க வேணும். அதுக்குள்ள பட்டியல் போயிடும். பிறகு மகள் கனடாவுக்கு வாங்கோ எண்டுவாள், மனிசி பெட்டி அடுக்கத் தொடங்கிடுவா." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சேர்த்துக்கொண்டார். "அதோட, கண்ணில கத்தி வைக்க எனக்குப் பயம்."

பகலில் பிளேன் அவருக்கு வானத்தில் ஒரு ஊத்தைப் புள்ளி. போகிறதா வருகிறதா என்று தெரியாது. ஆனால் வெளிச்சம் தெரியும், நிறம் தெரியும். உண்மையான பிளேனில் போல இடச் சிறகில் சிவப்பு, வலச் சிறகில் பச்சை போட்டுவிட்டால், எங்களை விட்டுப் போகும்போது சிவப்பு எங்கள் இடக்கைப் பக்கம் இருக்கும். திரும்பி வரும்போது வலக்கைப் பக்கம் மாறிவிடும். அது போதும் அவருக்கு.

"சிவப்பு இடம், பச்சை வலம். ஞாபகம் இருக்கட்டும்" என்றார்.

அடுத்த நாள் சிறகைக் கட்டில் விரிப்பில் சுற்றி அக்குளில் வைத்துக்கொண்டு வந்தார். மாமா கடையில் இருந்தார். நாங்கள் நினைத்த நேரத்தில் அவருக்குப் பசிக்கவில்லை.

"வாங்க ஐயா, வாங்க. என்னாங்க அது?"

"மனிசியின்ர இஸ்திரிப் பலகை. இதுக்கு ரெண்டு பல்ப் போட வேணும்."

"இஸ்திரிப் பலகைக்கு எதுக்குங்க லைட்டு?"

"கரண்ட் போனா இருட்டில தட்டுப்படாமல் இருக்க."

மாமா என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். யாழ்ப்பாணத்து வீடுகளில் அப்படியும் ஒரு வழக்கம் இருக்கும்போல என்று அவர் நினைத்திருக்க வேண்டும். "செஞ்சு குடு" என்று சொல்லிவிட்டு அம்ப்ளிபயரைத் திறக்கப் போனார்.

பின் அறையில் விரிப்பை அவிழ்த்தேன். ரெஜிபோமில், அந்த வெள்ளை நுரைப் பலகையில், செய்த சிறகு. ஒரு கோழியை விடப் பாரமில்லை. மேல் பக்கத்தில் பிளேடால் மெல்லிய கோடு வெட்டி, அதற்குள் வயரை மறைத்து, மேலே டேப் ஒட்டினேன். ஒரு நுனியில் சிவப்பு எல்.இ.டி. மூன்று, மறு நுனியில் பச்சை மூன்று, நடுவில் ஒரு சின்ன பற்றறியும் சுவிட்சும். சோல்டரிங் அயனைக் கொஞ்சம் கிட்டக் கொண்டு போனாலும் ரெஜிபோம் மெழுகு போல உருகும் என்பதால், ஈயத்தை வெளியே பிடித்து முடித்த பிறகுதான் பல்ப்புகளைப் பதித்தேன். சுவிட்சைப் போட்டதும் இரண்டு நுனியும் எரிந்தன. ஓடர் கொப்பி என்று மாமாவிடம் சொல்லி வைத்திருக்கும் என் கொப்பியில் அன்றைக்கு அதை மூன்று பக்கம் எழுதினேன்.

இங்கே என் வேலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தெருவில் நிறுத்தும் வெசாக் தோரணத்தின் படப் பலகைகளை நாங்கள் பின்பக்கமிருந்துதான் வயர் பண்ணுவோம். பலகை முகம் குப்புறக் கிடக்கும். பார்க்கிறவர்களுக்கு இடப்பக்கம் எரிய வேண்டிய பல்ப், எனக்கு வலப்பக்கம். நான்கு வருஷமாக, 'இடம்' என்று காதில் விழுந்தால் கை தானாக வலத்துக்குப் போகும். நான் யோசிப்பதில்லை. யோசித்தால்தான் பிழைக்கும்.

சிறகு குப்புறக் கிடக்கவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு நேராகத்தான் கிடந்தது. அது என் மூளைக்குத் தெரிந்தது. கைக்குத் தெரியவில்லை.

பிளேனில் லைட் போடுவதை ஐயா கழகத்துக்கு ஒளிக்கவில்லை. அதற்கு வேறு காரணம் சொல்லி வைத்திருந்தார். குண்டு போட வருகிறவன் லைட்டை அணைத்துக்கொண்டு வருகிறான், நாங்கள் கல்யாண வீடு மாதிரி எரிய விட்டுக்கொண்டு பறந்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்று. ரணவீர அதைக் குறிப்புப் புத்தகத்திலேயே எழுதிக்கொண்டாராம்.

"கெட்டிக்கார மனுசன்" என்றார் ஐயா. "வங்கியில மனேச்சரா மன்னாரில நாலு வருசம் இருந்தவர். தமிழில கருவாடு எண்ட சொல்லைத் தவிர ஒண்டும் பழகேல்ல எண்டு அவரே சொன்னவர்."

ஒரு பிரச்சினை மிச்சம் இருந்தது. சோதனை பின்னேரம் நாலரைக்கு. சித்திரை மாதத்து நாலரை வெயிலில் எந்த எல்.இ.டி.யும் தெரியாது. ஆறே காலுக்குப் பிறகு போய்ச் சேர வேண்டும். ஆனால் பிந்தி வந்ததாகப் பழி வரக் கூடாது.

"அதுக்கு ஆக்கள் இருக்கினம்" என்றார் ஐயா. பேராதனைப் பக்கமுள்ள செக் பொயின்ட்டைத்தான் சொன்னார். ஒரு தடவை மனைவியின் புட்டுப் பானையை அங்கே இருபது நிமிஷம் ஆராய்ந்தார்களாம். பிளேன் என்றால் இரண்டு மணித்தியாலம் உறுதி என்பது அவர் கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை சேதுராமன் அண்ணனின் த்ரீவீலரில் போனோம். இஸ்திரிப் பலகையை வீட்டில் பூட்டிக் கொடுக்க வேண்டும் என்று மாமாவிடம் சொல்லி என்னைக் கூட்டிக்கொண்டு போனார். உண்மையில் வயர் கழன்றால் ஒட்டுவதற்கு. நான் பின்னால், மடியில் சிறகு. ஐயா பக்கத்தில், மடியில் பிளேனின் உடம்பு. அதன் வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

செக் பொயின்ட்டில் ஒரு சிப்பாய் குனிந்து பார்த்தான். வெள்ளைத் தலைமுடியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், கொட்டாவி விட்டான்.

"ஹரி, யன்ன."

சரி, போ என்று சொல்லிவிட்டான். சேதுராமன் அண்ணன் ஆக்ஸிலேட்டரை முறுக்கினார்.

"நிப்பாட்டும்" என்றார் ஐயா.

"அதான் விட்டுட்டான்ல, ஐயா."

"அதுதான் நிப்பாட்டச் சொல்லுறன்."

இறங்கி, வாலைப் பிடித்துக்கொண்டு நடந்து போய், நல்ல சிங்களத்தில் அந்தச் சிப்பாயிடம் கேட்டார்: தம்பி, ஒழுங்காகச் சோதிக்காமல் அனுப்புகிறாய், இது பிளேன் அல்லவா?

சேதுராமன் அண்ணன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். "பதினேழு வருஷமா இந்த ரோட்டுல ஓடுறேன், தங்கச்சி. நிப்பாட்டக் கூடாதுன்னு கும்பிட்டவங்களத்தான் ஏத்தியிருக்கேன். நிப்பாட்டுன்னு கேக்குற ஆள இன்னைக்குத்தான் பாக்குறேன்."

அதன் பிறகு எல்லாம் ஐயா நினைத்தபடியே நடந்தது, கொஞ்சம் அதிகமாகவே. ஒருவன் நாலு பேரானான். கழகத்தின் கடிதத்தை வாங்கி ஒருவர் வாசித்தார், இன்னொருவருக்கு டெலிபோன் எடுத்தார். எங்கள் அடையாள அட்டைகள் மேசைக்குப் போயின. என் அட்டையைப் பிடித்துக்கொண்டு ஒருவன் என்னிடம் ஏதோ கேட்டபோது தலையை ஆட்டக் கூடப் பயமாக இருந்தது. எது ஓம் என்று எடுக்கப்படும் என்று தெரியவில்லை. ஐயாவின் முகத்திலும் அந்த நேரம் சிரிப்பு இல்லை. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

கடைசியில் ஒரு பெரியவர் ஜீப்பில் வந்தார். சிறகைத் தூக்கிப் பார்த்தார். சுவிட்ச் கையில் பட்டு, இரண்டு நுனியும் எரிந்தன. எல்லாரும் ஓரடி பின்னால் போனார்கள். பிறகு ஓரடி முன்னால் வந்தார்கள். இன்னொரு தடவை போடச் சொன்னார்கள். கொட்டாவி விட்டவன் தன் ஊர் வெசாக் கூட்டுக்கு இப்படிச் செய்ய முடியுமா என்று கேட்டான். மாமாவின் கடை அட்டையைக் கொடுத்தேன்.

பிலிமத்தலாவை வயலுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆறு இருபது. மற்றவர்கள் தங்கள் பிளேன்களை மூடிக் கட்டிவிட்டு வரம்பில் நின்றார்கள். ரணவீர, ஒல்லியான மனிதர், தொப்பியும் குறிப்புப் புத்தகமுமாக வந்து கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். ஐயா செக் பொயின்ட்டைச் சொன்னதும் கடிகாரத்திலிருந்து விரலை எடுத்துவிட்டார். அது பொய் என்று யாரால் சொல்ல முடியும்? அது பொய்யும் இல்லை.

"இருட்டுகிறது. எப்படிப் பறப்பீர்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"அதுக்குத்தானே லைட்" என்றார் ஐயா.

சிறகை உடம்பில் பூட்டி, பிளேனை எங்களைப் பார்த்தபடி வரம்பில் வைத்தோம். சுவிட்சைப் போட்டேன். அழகாக எரிந்தது. சிவப்பு என் இடக்கைப் பக்கம். சிவப்பு இடம், பச்சை வலம். சரி என்று நினைத்துக்கொண்டேன். எங்களைப் பார்த்து நிற்கும் பிளேனுக்கு அது எதிர்ப்பக்கம் அல்லவா இருக்க வேண்டும் என்பது எனக்கு உதிக்கவில்லை.

ஐயா அதை மறுபக்கம் திருப்பி, சேதுராமன் அண்ணனிடம் கொடுத்து எறியச் சொன்னார். அது ரீங்கென்று ஏறிப் போனது. அப்போதுதான் பார்த்தேன். எங்களை விட்டுப் போகிற பிளேனின் வலப்பக்கம் சிவப்பு.



"என்ன பிள்ளை, அதுக்குள்ள திரும்பிட்டுதோ?" ஐயா முணுமுணுத்தார். அவர் கண்ணுக்குச் சிவப்பு வலம் என்றால் பிளேன் வருகிறது. வருகிற பிளேனுக்கு ஏற்ற மாதிரி றிமோட்டில் அவர் பெருவிரல் அசைந்தது. போய்க்கொண்டிருந்த பிளேன் ஒரு பக்கம் சாய்ந்து, வயல் ஓரத்துப் பலாமரத்தைப் பார்த்துத் திரும்பியது. சாய்வைச் சரிப்படுத்த அவர் இன்னும் திருப்பினார். அது இன்னும் சாய்ந்தது.

நான் கிட்டப் போய், "மாறிப் போச்சு, ஐயா" என்றேன்.

"என்ன?"

"சிவப்பு... மாறி..."

"சத்தமாச் சொல்லும்."

ரணவீர ஐயாவின் மறு தோளுக்குப் பக்கத்தில்தான் நின்றார். பலாமரம் பெரிதாகிக்கொண்டே வந்தது. இடம் வலம் என்று யோசித்தால் யாருடைய இடம், எந்தப் பக்கத்து வலம் என்று எனக்கே குழம்பியது. குழம்பாத வார்த்தை இரண்டுதான் இருந்தன. அம்மா சின்ன வயதில் சோறு ஊட்டும்போது கையைத் தட்டித் தட்டிச் சொல்லிக் கொடுத்தவை.

"சிவப்பு சோத்துக்கை! பச்சை பீச்சாங்கை!"

வயல் முழுக்கக் கேட்டது. எங்கோ ஒரு நாய் குரைத்தது. என் தொண்டைக்குள் இவ்வளவு காலமும் இது எங்கே இருந்தது என்று தெரியவில்லை.

ஐயா திடுக்கிட்டார். ஒரு நொடி. பிறகு பெருவிரல் மறுபக்கம் போனது. பிளேன் பலா இலைகளை உரசிக்கொண்டு நிமிர்ந்தது.

"அந்தப் பிள்ளை என்ன சொல்லுது?" என்று ரணவீர சிங்களத்தில் கேட்டார்.

"மந்திரம்" என்றார் ஐயா, வானத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "எங்கட பிள்ளையாருக்கு. விழாமல் இருக்க."

ரணவீர மரியாதையாகத் தொப்பியைக் கழற்றினார்.

எட்டில் அரைவாசி போவதற்குள் ஐயாவின் கை பழைய பழக்கத்துக்குத் திரும்பப் பார்த்தது. "சொல்லும், சொல்லும்" என்று பல்லுக்குள் சொன்னார். நான் சொன்னேன். சிவப்பு சோத்துக்கை, பச்சை பீச்சாங்கை. நிறுத்தினால் அது சாய்ந்தது. மந்திரம் என்றதும் சேதுராமன் அண்ணனும் பக்கத்தில் வந்து, கண்ணை மூடிக் கைகூப்பி, எனக்குப் பின்னால் சொல்ல ஆரம்பித்தார். ஒரு ராகம் கூட வந்துவிட்டது. சிரிக்காமல் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. வரம்பில் நின்ற ஐந்து பேரில் இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

பிளேன் ஒரு பெரிய, கோணலான எட்டுப் போட்டது. மேல் வட்டம் கத்தரிக்காய் மாதிரி. ஆனாலும் எட்டுத்தான். பிறகு எங்களைப் பார்த்து இறங்கியது. பச்சையும் சிவப்பும் வர வர அகன்றன. அது வைக்கோல் கட்டைகளில் இரண்டு தடவை துள்ளி, மூன்றாவது தடவை உட்கார்ந்து, எரிந்துகொண்டே இருந்தது.

யாரோ கை தட்டினார்கள். சேதுராமன் அண்ணன் கண்ணைத் திறந்து, "விழுந்திருச்சா?" என்று கேட்டார்.

ரணவீர தொப்பியைப் போட்டுக்கொண்டு குறிப்புப் புத்தகத்தை விரித்தார். பொலிசுக்குப் போகும் பட்டியல் அதற்குள் இருந்தது. ஐயாவின் பெயருக்கு நேரே இரண்டு கட்டங்கள். முதலாவது பறப்பவரின் கையெழுத்துக்கு, இரண்டாவது செயலாளருடையதற்கு. அந்த மங்கல் வெளிச்சத்திலும் எனக்கு நன்றாகத் தெரிந்தது.

ஐயா பேனாவை வாங்கி, தாளை மூக்குக்குக் கிட்டக் கொண்டு போய், மிக நிதானமாக, பென்ஷன் எடுக்கும்போது போடுவாரே அப்படியொரு நீண்ட கையெழுத்தைப் போட்டார். இரண்டாவது கட்டத்தில்.

அதில் அச்சடித்த எழுத்தில் 'செயலாளர்' என்று இருந்தது.

ரணவீர அந்தக் கையெழுத்தைப் பார்த்தார். ஐயாவின் கண்களைப் பார்த்தார், ஒன்றை, பிறகு மற்றதை. ஐயா எதையும் அறியாமல் வானத்துப் பக்கம் சிரித்துக்கொண்டு நின்றார். ரணவீர போய் பிளேனின் பக்கத்தில் குந்தி, இன்னும் எரிந்துகொண்டிருந்த சிவப்பை விரலால் தொட்டார். அது எந்தச் சிறகில் இருக்கிறது என்று பார்த்தார். பிறகு பச்சையைப் பார்த்தார். எழுந்து வந்து, எனக்கு முன்னால் நின்றார்.

பேனா அவருடைய சோத்துக்கையில் இருந்தது. என்னைப் பார்த்துக்கொண்டே அதைப் பீச்சாங்கைக்கு மாற்றினார்.

அந்தக் கையால், சின்னப் பிள்ளை எழுதுவது போலக் கோணல்மாணலாக, ஐயா போட்டிருக்க வேண்டிய முதலாவது கட்டத்தில் தன் கையெழுத்தைப் போட்டார். கேள்விக்குறியை ஒரு கோட்டால் வெட்டினார். முகத்தில் ஒன்றும் அசையவில்லை. எனக்குக் காது இரண்டும் கொதித்தன. மன்னாரில் நாலு வருஷம் இருந்தும் கருவாடு தவிர ஒரு தமிழ்ச் சொல்லும் பழகவில்லை என்று ஐயா சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

புத்தகத்தை மூடி அக்குளில் வைத்தார். மோட்டார் சைக்கிளை உதைத்து, ஏறி உட்கார்ந்து, வரம்போடு மெதுவாகப் போனார். ரோட்டில் ஏறித் திரும்பும் வரை அதன் பின்னால் ஒரு சிவப்பு விளக்குத் தெரிந்தது.